ஆக்சிஜன் 93: வீடா, ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா?

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் கோவிட் வந்து மூச்சு வாங்கத் தொடங்கியதும், குமரி மாவட்டத்துக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது என்பதுதான். துபாயில் இருக்கும் மகன் ஒரு பெயரைச் சொல்வார். பெங்களூருவில் இருக்கும் மருமகள் தன் தோழியின் அப்பா பிழைத்து வந்த இடத்தைச் சொல்வார். பக்கத்து வீட்டு மாமா, "எதற்கு யோசனை, நேரே திருவனந்தபுரம் போய்விடுங்கள்" என்பார். இந்தப் பேச்சு ஓய்வதற்குள் மூச்சு வாங்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் மோசமாகியிருக்கும்.

நான் மருத்துவன் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் மருந்துக் கடையில் நெடுங்காலம் நின்ற மருந்தாளுநன். கொரோனாக் காலத்தில் இந்தக் குழப்பத்தோடு கடைக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: எந்த இடம் என்பது இரண்டாவது கேள்வி. நோயின் எத்தனையாவது நாள், ஆக்சிஜன் எவ்வளவு, இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் இடம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். இடத்தில் தொடங்கும் குடும்பங்கள்தான் நேரத்தை இழக்கின்றன.

கொரோனாவே போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது உண்மை. கிருமி போகவில்லை. தடுப்பூசியும் முன்பு வந்துபோன தொற்றும் தந்த எதிர்ப்புச் சக்தியால் பெரும்பாலோருக்கு அது இன்று சளிக் காய்ச்சலாக வந்துபோகிறது. ஒமிக்ரான் வகைகள் நுரையீரலைவிட மேல் மூச்சுப்பாதையில் அதிகம் தங்குவதும் ஒரு காரணம். ஆனால் எழுபதைத் தாண்டியவர், நீண்ட நாள் சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் பழுதானவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு நிமோனியா இன்றும் வருகிறது. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாகத் திரும்பும்போதும் கீழே சொல்லும் கணக்கில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

நம் மாவட்டத்துக்கு இது தொலைவில் நடந்த கதையும் இல்லை. கன்னியாகுமரி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எச். வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் கோவிட் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது காலமானார். வசதிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படாத நோய் என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நாளும் எண்ணும்

கிருமி நுரையீரலின் காற்றறைகளைத் தாக்கும்போது அவற்றின் சுவர் வீங்கி, உள்ளே நீர் கோக்கிறது. அங்கே காற்று போனாலும் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் ஏற முடிவதில்லை. காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில் இது அரிது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் ஆபத்தான காலம். சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் காய்ச்சல் இறங்கியிருக்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டார் கஞ்சி வைக்கத் தொடங்கும் நாளில்தான் நுரையீரல் கெடத் தொடங்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்கு இறங்கியும் நோயாளி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதை இந்த நோயில் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு எளியது. ஆக்சிஜன் ஏதும் வைக்காமல் விரல் கருவியில் (பல்ஸ் ஆக்சிமீட்டர்) 94 அல்லது அதற்கு மேல் இருந்து மூச்சு வாங்கலும் இல்லையென்றால் லேசான நோய். 90 முதல் 93 வரை, அல்லது நிமிடத்துக்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் நடுத்தரம். 90-க்குக் கீழே, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் தீவிரம். மூச்சை எண்ணும்போது முழு நிமிடம் எண்ண வேண்டும். நோயாளிக்குத் தெரியாமல் எண்ணுவது நல்லது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

விரல் கருவியை நம்பலாமா? நம்பலாம், கொஞ்சம் சந்தேகத்தோடு. நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல் எல்லாம் எண்ணைக் கெடுக்கும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து படிக்க வேண்டும். இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வில், கருவி கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்சிஜன் குறைவு கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கடலிலும் வெயிலிலும் உழைத்துக் கறுத்த கைகள் உள்ள மாவட்டம் நம்முடையது. காலையில் 97 காட்டிய அதே கருவி மாலையில் 94 காட்டினால், "94 சரிதானே" என்று விட்டுவிடக் கூடாது. மூன்று புள்ளி இறங்கியிருக்கிறது என்று அதைப் படிக்க வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்வது

94 அல்லது அதற்கு மேல் இருக்கிறவரை, மூச்சு வாங்காதவரை, வீடுதான் நல்ல இடம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தேவையில்லாமல் வார்டில் படுத்தால் அங்கிருக்கும் வேறு கிருமிகளும் வந்து சேரும், வயதானவர்களுக்கு இரவில் குழப்பமும் வரும். ஆனால் வீட்டில் வைப்பது என்றால் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை எண்ணை நோட்டில் எழுத வேண்டும், நேரத்தோடு. மூச்சு வாங்காத நோயாளியை அறைக்குள் ஆறு நிமிடம் நடக்கவைத்து மறுபடி அளந்தால், உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் குறை வெளியே வரும். நடந்தபின் மூன்று நான்கு புள்ளி இறங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவரை நடக்கவைத்துச் சோதிக்கக் கூடாது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும், தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் கொடுத்தால் பயன் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் உண்டு. சிறுநீரகத்தைப் பார்த்து அளவு வைக்க வேண்டும். கொழுப்பு, இருதய மாத்திரைகள் சிலவற்றோடு சேரவும் சேராது. ஆகவே மருத்துவரிடம் ஏற்கெனவே எடுக்கும் மருந்துப் பட்டியல் முழுவதையும் காட்டித்தான் கேட்க வேண்டும். எட்டாம் நாள் கேட்டுப் பயனில்லை.

கடையில் நான் அதிகம் வாதாடியது வேறு மருந்துகளுக்காக. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுவந்து, அதே அசித்ரோமைசின், அதே டாக்சிசைக்ளின், அதே ஸ்டீராய்டு வேண்டும் என்பார்கள். இது வைரஸ் கிருமி, பாக்டீரியா இல்லை. அசித்ரோமைசின் கோவிட் நிமோனியாவில் உயிரைக் காக்கவில்லை என்று பிரிட்டனில் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டது என்று மருத்துவர் கருதினால் ஆன்டிபயாடிக் தருவார், அது வேறு கதை.

ஸ்டீராய்டின் கதை இன்னும் கூர்மையானது. அதே பிரிட்டன் ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வந்தது: டெக்சாமெத்தசோன் நாளுக்கு 6 மில்லிகிராம், பத்து நாட்கள் வரை. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்றே கணக்கு சாய்ந்தது. ஒரே மருந்துதான். 88-ல் உயிர் காக்கிறது, 97-ல் கெடுக்கலாம். இரண்டாம் அலையில் நாடு முழுவதும் பார்த்த கருப்புப் பூஞ்சைக்குப் பின்னால் கட்டுக்கடங்காத சர்க்கரையும் கண்டபடி எடுத்த ஸ்டீராய்டும் இருந்தன. சீட்டில்லாமல் இதைக் கொடுக்கும் கடைக்காரர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கேட்டு அடம்பிடிக்கும் வாடிக்கையாளர்மேலும் உண்டு.

கபசுரக் குடிநீரும் நல்லமிளகு போட்ட சுக்குக் காப்பியும் தொண்டைக்கு இதம் தரும், குடிக்கட்டும். ஆவி பிடிப்பதில் கொதிநீர் கொட்டிப் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இவை இறங்கிய ஆக்சிஜனை ஏற்றாது. ஏற்றும் என்று காத்திருந்து ஓர் இரவை இழப்பதில்தான் ஆபத்து.

வசதியுள்ளவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் என்ன? என் பதில், வேண்டாம். புதிதாக ஆக்சிஜன் தேவைப்படுகிறவர் வீட்டு நோயாளி இல்லை. வழக்கமான கருவி நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும், பெரியது 10. இந்த நோயில் காலையில் 2 லிட்டரில் இருப்பவர் இரவுக்குள் 15 கேட்கலாம். அதோடு அது மின்சாரத்தில் ஓடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபின் நம் ஊர்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு தேவையில்லை, ஆனி மாதக் காற்றில் ஒரு ரப்பர் மரம் கம்பிமேல் விழுந்தால் போதும். செறிவூட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்குச் சில வாரங்கள் துணை. ஆஸ்பத்திரிக்குப் பதில் இல்லை.

ஒரு விதிவிலக்கு. நெடுநாள் பீடி பிடித்து மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்குச் சாதாரண நாளிலேயே 91, 92 இருக்கலாம். அவர்களுக்கு ஆக்சிஜனை அதிகமாக வைப்பதும் கெடுதல், 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவர்கள் வைப்பார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், நல்லாயிருக்கும் நாளிலேயே அவருடைய வழக்கமான எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து அரசு மருத்துவமனை

93 காட்டிவிட்டது. நேரம் இரவு பத்து. குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி, தக்கலை என்று ஏதோ ஓர் அரசு மருத்துவமனை பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. நம்மவர்கள் இவற்றை வழியில் கண்ணில் படும் கட்டடமாகத்தான் பார்க்கிறார்கள். "அங்கே போய் என்ன ஆகப் போகிறது, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்புவார்கள்" என்பது வழக்கமான பேச்சு.

அனுப்பட்டும். அனுப்புவதற்கு முன் முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுப்பார்கள், ஊசி வழி திறப்பார்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், 108-ல் ஏற்றும்போது அடுத்த இடத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்து இழுக்கிறது. சொந்தக் காரின் பின்சீட்டில் ஆக்சிஜன் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் போவதைவிட, இருபது நிமிடத்தில் ஆக்சிஜனைத் தொடுவது மேல். 108 ஆம்புலன்ஸ் இலவசம், அதில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் உண்டு. காரில் போவதைக் கௌரவமாக நினைக்கும் பழக்கத்தை இந்த ஒரு நோய்க்காவது விட்டுவிடலாம்.

ஆசாரிப்பள்ளமும் நாகர்கோவில் தனியார் மருத்துவமனைகளும்

முன்பு காசநோய் மருத்துவமனை இருந்த ஆசாரிப்பள்ளம் வளாகத்தில்தான் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நுரையீரல் நோயாளிகளுக்கு ஊர் அறிந்த இடம் அது. கூட்டம் உண்டு. கழிப்பறையைப் பற்றிக் குறை சொல்லாதவர் இல்லை. உடன் ஒருவரைத்தான் விடுவார்கள், காலைச் சுற்று முடிந்தபின் மருத்துவரைப் பிடித்து இரண்டு வாக்கியம் பேசுவது பெரும்பாடு. வெளிநாட்டிலிருந்து காணொளியில் அழைத்து எல்லா அறிக்கையையும் கேட்கும் மகனுக்கு இது பொறுக்காது.

ஆனால் கோவிட் நிமோனியா இரவில் மோசமாகும் நோய். நள்ளிரவு இரண்டு மணிக்கு எண் 82-க்கு இறங்கும்போது கட்டடத்துக்குள் மருத்துவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம், நெஞ்சகம், மயக்கவியல் என்று பணி மருத்துவர்கள் இரவும் பகலும் முறை மாற்றி இருப்பார்கள். ஆக்சிஜன் குழாயிலும் நம்பிக்கை உண்டு. அதிவேக ஆக்சிஜன் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை விழுங்கும், சிலிண்டரை மாற்றி மாற்றி அதை ஓட்ட முடியாது, திரவ ஆக்சிஜன் தொட்டி வேண்டும். 2021 மே மாதத் தட்டுப்பாட்டில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் மகேந்திரகிரியில் ராக்கெட்டுகளுக்காகத் திரவ ஆக்சிஜனைக் கையாளும் இஸ்ரோ வளாகமே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் மருத்துவமனைகளுக்காக அனுப்பியது. அவ்வளவு தேவைப்பட்ட பொருள் அது.

நாகர்கோவிலிலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் உள்ள தனியார் மருத்துவமனைகளில் நல்லவை உண்டு. தனி அறை கிடைக்கும், மருத்துவர் உட்கார்ந்து பேசுவார், எக்ஸ்ரே அரை மணியில் கையில் வரும். 90 முதல் 93 வரை உள்ள, வேறு உறுப்புகள் கெடாத நோயாளிக்கு இவை வசதியான தேர்வுதான். அதற்குமேல் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். சேர்க்கும் முன் வரவேற்பில் இருப்பவரிடம் இல்லாமல் பணி மருத்துவரிடமே கேட்க வேண்டியவை இவை: தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுவதும் மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, கூப்பிட்டால் வீட்டிலிருந்து வருவாரா? அதிவேக ஆக்சிஜன் கருவியும் வெண்டிலேட்டரும் இருக்கின்றனவா, இன்று காலியாக இருக்கின்றனவா? ஆக்சிஜன் தொட்டியிலிருந்து வருகிறதா, சிலிண்டரிலிருந்தா? மோசமானால் எங்கே அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் மருத்துவமனைமேல் எனக்கு மதிப்பு கூடும். நான்கு நாள் அறையில் வைத்திருந்து, பிறகு "எங்களிடம் வெண்டிலேட்டர் இல்லை, கொண்டு போய்விடுங்கள்" என்று கைவிரித்த இடங்களைப் பற்றிக் கடையில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பில்லைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அறை வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். வாடகை சின்னது. தினசரி இரத்தப் பரிசோதனை, ஊசி மருந்து, தீவிர சிகிச்சைக் கட்டணம் ஆகியவையே பில்லை ஏற்றுகின்றன, அதையும் ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்த நோய்க்கு ஏற்குமா என்பதை முதல் நாளே கேளுங்கள். பணம் கட்டிய பிறகு அட்டையை நீட்டினால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.

சி.டி. ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் ஸ்கேன் மையங்களின் வாசலில் வரிசை நின்றது. எண்ணை வைத்துக்கொண்டு ஊரே பயந்தது. தொற்று இருக்குமோ என்று 1 முதல் 5 வரை வரும் சந்தேகத்தின் அளவு வேறு, 25-க்கு இத்தனை என்று வரும் பாதிப்பின் மதிப்பெண் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 5 என்பதைப் பார்த்து அழுதவர்களும் உண்டு, தைரியப்பட்டவர்களும் உண்டு. விரலில் 97 இருக்கும்போது முதல் வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் சிகிச்சையை மாற்றாது. மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் போதும். ஆக்சிஜன் திடீரென்று சரிந்து, எக்ஸ்ரே அதற்கு ஈடாக மோசமாக இல்லையென்றால், நுரையீரல் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சி.டி. வேண்டும். இந்த நோயில் இரத்தம் உறைவது அதிகம். அதை மருத்துவர் சொல்லட்டும்.

திருவனந்தபுரம்

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து மக்கள். பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் என்பது தாத்தா காலத்துப் பழக்கம், அது எளிதில் போகாது. போக வேண்டியதும் இல்லை. களியக்காவிளை, கொல்லங்கோடு, பளுகல் பக்கம் இருப்பவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் அதிக தூரம் இல்லை, சில ஊர்களுக்கு அதுதான் அருகில். அவர்கள் அங்கே போவதில் ஒரு தவறும் இல்லை. அங்கே சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், அங்குள்ள புற்றுநோய் மையத்தில் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கும் அதுதான் சரி, அவர்களுடைய முழு வரலாறும் அங்கே இருக்கிறது.

மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. நாகர்கோவிலிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கடைவீதிக்குக் கடைவீதி நெரிசல். இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், மழையும் கல்யாண முகூர்த்தமும் இல்லாத நாளில். ஆம்புலன்ஸ்களில் சாதாரணமாக இருக்கும் பி வகைச் சிலிண்டரில் நிரம்பியிருக்கும்போது சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் போதுமானால் ஐந்து மணி நேரம் வரும், கவலையில்லை. 10 லிட்டர் வேண்டுமானால் இரண்டரை மணி நேரம். 15 லிட்டர் வேண்டுமானால் நூறு நிமிடம், நெய்யாற்றின்கரையைத் தாண்டும்போது முள் சிவப்புக்குப் போயிருக்கும். அங்கே போய்ப் படுக்கை இல்லை என்று வாசலில் நிறுத்தினால் என்ன செய்வது? யாருக்கு அந்தப் பயணம் மிகவும் தேவை என்று குடும்பம் நினைக்கிறதோ, அவருக்கே அது மிகவும் ஆபத்தானது. இந்த ஒரு கணக்குக்காகவே, தீவிர நிலையில் இருப்பவரை முதலில் ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டு போங்கள் என்று நான் சொல்கிறேன்.

நிலை சீரானபின் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றலாம். அங்கிருக்கும் மருத்துவரும் இங்கிருக்கும் மருத்துவரும் தொலைபேசியில் பேசி, படுக்கை உறுதியாகி, வெண்டிலேட்டரும் உடன் வரும் மருத்துவரும் உள்ள வண்டி, இரண்டாவது சிலிண்டர், பகல் நேரம். உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ போன்ற சிகிச்சை தேவை என்று மருத்துவர்களே சொன்னால் அந்தப் பயணத்துக்கு அர்த்தம் உண்டு. ஸ்ரீசித்திராவுக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். அது இருதயத்துக்கும் நரம்பு மண்டலத்துக்குமான நிறுவனம், கோவிட் நிமோனியாவோடு நேரே போய் நிற்கும் இடம் இல்லை. மாநில எல்லை தாண்டும்போது காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியைப் பொறுத்தவரை, ஆசாரிப்பள்ளத்தைத் தாண்டிப் போவதற்கு மருத்துவர் காரணம் சொன்னால் ஒழியத் தேவை இருக்காது.

எடுத்துக்காட்டாகச் சொன்னால், குளச்சலில் எழுபத்திரண்டு வயது, சர்க்கரை உள்ள அம்மா, ஆறாம் நாள், எண் 95, நடந்தபின் 94. வீட்டில் இருக்கட்டும், ஆனால் அன்றே ஓர் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும், இரவில் யாராவது விழித்திருந்து அளக்கட்டும். குலசேகரத்தில் ஐம்பத்தைந்து வயது ரப்பர் பால் வெட்டுகிறவர், எட்டாம் நாள், 91, நன்றாகப் பேசுகிறார். பேச்சை நம்பாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். தக்கலையில் ஆக்சிஜன் தொடங்கட்டும், வசதியும் விருப்பமும் இருந்தால் மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியான பதில் தரும் தனியார் மருத்துவமனை, இல்லையென்றால் ஆசாரிப்பள்ளம். நாகர்கோவில் வடசேரியில் அறுபத்தெட்டு வயது, 84, குழப்பமாகப் பேசுகிறார். ஆசாரிப்பள்ளம், இப்போதே. அவருடைய மகன் துபாயிலிருந்து எந்தப் பெயரைச் சொன்னாலும்.

பேசத் தயங்கும் இன்னொரு முடிவும் உண்டு. எண்பத்தெட்டு வயது, படுத்த படுக்கை, நினைவு மங்கியவர். இவருக்கு வெண்டிலேட்டர் வரை போக வேண்டுமா? மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று. அவர் தெளிவாக இருந்த நாட்களில் தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தால் அதை மதியுங்கள். வீட்டருகில் ஆக்சிஜனும் மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்துமாக, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கப் பார்ப்பதும் சிகிச்சைதான். அப்படி முடிவெடுத்த குடும்பத்தைக் கைவிட்டவர்கள் என்று பேசும் வாய் நம் ஊரில் அதிகம், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வீடு திரும்பும் நாளிலும் அவசரப்படக் கூடாது. ஆக்சிஜன் இல்லாமல் ஒரு நாளாவது எண் நின்றிருக்க வேண்டும், கழிப்பறை வரை நடந்து திரும்பியபின்னும் அளந்து பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் வெள்ளை அப்படியே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஆள் தேறியபின்தான் படம் தேறும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்குள் மூச்சு வாங்கல் கூடினால் காத்திருக்காதீர்கள். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் எப்போது போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் ஸ்டீராய்டு இருந்தால், எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அது வரை காலையும் இரவும் சர்க்கரை பார்க்க வேண்டும், இதுவரை சர்க்கரை இல்லாதவர்களும்.